கர்பா முடிந்தபின் என்ன சாப்பிடுவது: அகமதாபாத்தின் ஒன்பது இரவுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நவராத்திரி இரவுகளில் வட்டமாகச் சுழன்று ஆடும் கர்பா ஆட்டத்துக்காக அகமதாபாத் வருகிற தமிழ் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி உடையைப் பற்றியவை, மீதி நுழைவுச்சீட்டைப் பற்றியவை. ஆடி முடித்தபின் நள்ளிரவில் என்ன சாப்பிடுவது என்று முன்கூட்டியே கேட்டவர் இதுவரை ஒருவருமில்லை. மூன்றாம் நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொலைபேசியில் அழைப்பவர்கள்தாம் அதிகம்.

முதல் நவராத்திரியில் நானும் அப்படித்தான் விழுந்தேன். நான்கு மணி நேரம் ஆடிவிட்டு, அதிகாலை ஒன்றரை மணிக்கு ஒரு தள்ளுவண்டியின் முன்னால் நின்று, வெண்ணெயும் சீஸும் குவித்த கோட்டாலா தோசை ஒன்றை முழுதாகத் தின்று, குளிர்ந்த கோலா ஒரு பாட்டில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். நெஞ்செரிச்சலில் விடியும்வரை தூங்கவில்லை. மறுநாள் இரவு வட்டத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புகளுக்குக் காவல் காத்தேன். எதிர்வீட்டு மாசி (சித்தி என்பதற்கு இங்கே வழங்கும் சொல்) அன்று சொன்னதைத்தான் இந்த வழிகாட்டி முழுவதிலும் விரித்து எழுதுகிறேன்: "பேட்டா, இன்றைக்கு ராத்திரி சாப்பிடுவது நாளைக்கு ராத்திரி ஆடுவதற்காக." ஒரே இரவில் முடிகிற கொண்டாட்டம் என்றால் எதைத் தின்றாலும் மறுநாள் தூங்கித் தீர்த்துவிடலாம். கர்பா அப்படியில்லை. ஒன்பது இரவுகள் தொடர்ந்து, பகலில் வேலைக்கும் போய்க்கொண்டு, மாலையில் மறுபடியும் கால் தூக்க வேண்டியிருக்கிறது.

முதல் படி: இரவுச் சாப்பாட்டை மாலை ஆறு மணிக்கே தொடங்குங்கள்

நள்ளிரவில் வரும் வெறிப்பசியின் காரணம் பெரும்பாலும் மாலையில் ஒன்றும் சாப்பிடாமல் போனதுதான். பெரிய மைதானங்களில் ஆட்டம் சூடுபிடிக்க ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். ஒலிபெருக்கிக்கு வழக்கமாக நள்ளிரவு பன்னிரண்டு வரை அனுமதி உண்டு. சில ஆண்டுகளில் அதையும் தாண்டிப் போயிருக்கிறது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வேளையை இரவு ஒரு மணிக்கு வைத்துக்கொண்டால், தட்டில் விழுவதையெல்லாம் தின்னத்தான் தோன்றும்.

இந்த இடத்தில் மணிநகர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதே ஒன்பது நாட்களும் நம் வீடுகளில் கொலு, மாலையில் சுண்டல். கொண்டைக்கடலையோ காராமணியோ ஒரு கிண்ணம், அதனுடன் ஒரு வாழைப்பழம், ஒரு சப்பாத்தி அல்லது கொஞ்சம் தயிர்சாதம் என்று, ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கிண்ணம் சுண்டலை மூடி போட்ட டப்பாவில் தனியாக எடுத்து வையுங்கள்; அதற்கு வேலை பிறகு வரும். பருப்பு வகைகளால் வாயுத் தொல்லை வருகிறவர்கள், பாசிப்பயறுச் சுண்டலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குனிந்து நிமிர்ந்து கைதட்டிச் சுழலும் ஆட்டத்தில் வயிற்றுப் பொருமல் மிகவும் சங்கடமான துணை.

இரண்டாம் படி: ஆட்டம் நின்ற முதல் கால்மணி நேரம்

இது வழிகாட்டியின் மிக முக்கியமான பகுதி. பெரும்பாலோர் தவற விடுவதும் இதைத்தான். வேகமாக ஆடி நிறுத்திய உடனே பசி அவ்வளவாகத் தெரியாது, தாகம்தான் தெரியும். அரைமணி, ஒருமணி நேரம் கழித்துத்தான் பசி எழுந்து வரும். அந்த இடைவெளியைத் தண்ணீருக்கும் உப்புக்கும் கொடுத்துவிட வேண்டும்.

அக்டோபர் மாதத்து அகமதாபாத்தில் பகல் வெயில் 35 டிகிரியை ஒட்டி நிற்கும். இரவில் காற்று ஓரளவு தணிந்தாலும், கண்ணாடிச் சில்லுகள் தைத்த கனத்த சணியா சோளிக்குள்ளும் (பெண்களின் பாவாடை ரவிக்கை), ஆண்கள் போடும் கேடியு மேற்சட்டைக்குள்ளும் காற்று போவதில்லை. எவ்வளவு வியர்வை போயிற்று என்று தெரிந்துகொள்ள ஒரு நேரான வழி உண்டு. ஆடப் போகுமுன்னும், வந்து உடை மாற்றிய பின்னும் வீட்டு எடைக்கருவியில் ஏறிப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், இடையில் குடித்ததற்கும் மேலாக ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் பாக்கி இருக்கிறது என்று பொருள். அதை ஈடுகட்ட ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, அடுத்த சில மணி நேரத்தில் பகுதி பகுதியாகக் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் கவிழ்த்துக்கொள்வது தவறு. உடலின் உப்பு இன்னும் நீர்த்துப்போய் தலைவலியும் குமட்டலும் வரும்.

குடிப்பதற்கு மிகச் சிறந்தது உப்பும் வறுத்த சீரகமும் போட்ட சாஸ், அதாவது நம் நீர்மோர். வாசலில் பாக்கெட்டுகளாகக் கிடைக்கும். அது ஒத்துக்கொள்ளாதவர்கள், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு சமத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைச் சமத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, எலுமிச்சை பிழிந்து வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுபோகலாம். வாந்தி பேதிக்குச் சொல்லும் அதே கரைசல்தான். சர்க்கரையையும் உப்பையும் தலை தட்டி அளப்பது முக்கியம். இளநீரும் நல்லதே, ஆனால் வியர்வையில் போகும் சோடியம் அதில் குறைவு என்பதால் கூடவே ஒரு பிடி உப்புக்கடலை வேண்டும்.

டப்பாவில் வைத்த சுண்டலைத் திறக்க வேண்டிய நேரம் இதுதான், நான்கைந்து மணி நேரத்துக்கும் மேலாகச் சூட்டில் கிடக்கவில்லை என்றால். தேங்காய்த் துருவல் போட்ட சுண்டல் சீக்கிரம் ஊசிப்போகும். எடுத்துச் செல்லும் பங்கில் தேங்காயைத் தவிர்த்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆடி முடித்தபின் நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால், அதை வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். 2023 நவராத்திரியின்போது குஜராத்தில் கர்பா ஆடியவர்கள் மாரடைப்பால் இறந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 108ஐ அழைத்துவிட்டு, அந்த நபரை நடக்க விடாமல் உட்கார வையுங்கள்.

மூன்றாம் படி: கூட்டத்தில் யார் நோன்பு என்று கேளுங்கள்

எங்கே போவது என்று முடிவு செய்யுமுன் இதைக் கேட்காவிட்டால், வண்டியை நிறுத்திய பிறகு பாதிப் பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். ஒன்பது நாளும் உபவாசம் இருப்பவர்கள் உண்டு; முதல் நாளும் எட்டாம் நாளும் மட்டும் இருப்பவர்கள் உண்டு; நோன்பு இல்லாவிட்டாலும் இந்த நாட்களில் வெங்காயம், பூண்டு தொடாதவர்கள் உண்டு; சமண நண்பர்கள் என்றால் உருளைக்கிழங்கும் கூடாது. இந்த நகரம் இதற்கெல்லாம் பழகியது. பாவ் பாஜிக் கடைக்காரரிடம் "ஜைன்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய் மசித்துத் தருவார்.

நோன்பு உணவுக்கு இங்கே ஃபராளி என்று பெயர். தானியமும் பருப்பும் சாதாரண உப்பும் விலக்கு. இந்துப்பு, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, தயிர், ஜவ்வரிசி, மொரையோ, ராஜ்கரா ஆகியவை கூடும். மொரையோ என்பது வேறொன்றுமில்லை, நம் குதிரைவாலி. நம் ஊரில் சிறுதானியக் கடையில் உடல்நலத்துக்காக வாங்குவதை இங்கே அரிசியைத் தொடக்கூடாத நாளில் அரிசிக்கு மாற்றாகப் பொங்கித் தின்கிறார்கள். ராஜ்கரா என்பது கீரைத்தண்டு இனத்தின் விதை. ஜவ்வரிசியின் கதை இன்னும் சுவையானது: வடக்கிலும் மேற்கிலும் நோன்புக்குச் சாபுதானா என்று வாங்குவதில் பெரும்பகுதி சேலத்து வட்டாரத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது; சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நள்ளிரவில் சாபுதானா கிச்சடித் தட்டைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்த மகிழ்ச்சி.

ஆனால் ஆடியவர்களுக்கு எது நல்லது என்று கேட்டால், நான் மொரையோவைத்தான் சொல்வேன். ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. கிச்சடியில் விழும் வேர்க்கடலைப் பொடிதான் அதில் புரதம். கடைகளில் எண்ணெயும் தாராளம். மொரையோவைக் குழைய வேகவைத்து, தயிரோ மோர்க்குழம்பு போன்ற ஃபராளிக் கடியோ ஊற்றிச் சாப்பிட்டால் வயிறு நிறையும், கனக்காது. உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டும் ஃபராளி மிக்சரும் நோன்புக்குப் பொருந்தும் என்பதாலேயே இரவுச் சாப்பாடாகிவிடா.

நோன்பும் நீரிழிவும் சேர்ந்தவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும், நீண்ட நேரம் ஆடிய இரவில் தூக்கத்தின் நடுவே சர்க்கரை இறங்கக்கூடும். நவராத்திரிக்கு முன்பே மருத்துவரிடம் அளவைப் பேசிக்கொண்டு, படுக்குமுன் ஒருமுறை சோதித்துவிட்டுப் படுங்கள்.

நான்காம் படி: இடத்தைத் தேர்ந்தெடுப்பது

குஜராத் மதுவிலக்கு மாநிலம் என்பதாலோ என்னவோ, இந்த நகரத்தின் இரவு வாழ்க்கை முழுவதும் தின்பதைச் சுற்றியே அமைந்திருக்கிறது. ஆடியவர்கள் வழக்கமாகப் போவது நான்கு வகை இடங்களுக்கு.

ஷேரி கர்பா, அதாவது குடியிருப்பின் முற்றத்திலோ பழைய நகரத்துப் போள்கள் எனப்படும் குறுகிய குடியிருப்புச் சந்துகளிலோ ஆடும் ஆட்டம் என்றால் எங்கும் போக வேண்டியதில்லை. ஆரத்தி முடிந்ததும் பிரசாதமும், அன்றைய முறைக்காரர் வீட்டு நாஸ்தாவும் கைக்கு வரும். ஒரு நாள் சேவ் உசள், ஒரு நாள் தோக்ளா, ஒரு நாள் ஐஸ்கிரீம் என்று போகும் இந்த முறையில் உங்கள் வீட்டு முறை வந்தால், தயங்காமல் இட்லி போடுங்கள். எண்பது பேருக்கு இட்லி அவித்த இரவில்தான் என்னை இந்தக் குடியிருப்பு தன்னவனாக ஏற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, தெருமுனைக் கிட்லி. தேநீர்க்கடைக்கு இங்கே வழங்கும் பெயர் அது. இஞ்சியும் புதினாவும் தட்டிப் போட்ட அரைக் கோப்பைத் தேநீரும், வெண்ணெய் தடவிய மஸ்கா பன்னும். லால் தர்வாஜாவில் கல்லறைகளுக்கு நடுவே மேசைகள் போட்டிருக்கும் லக்கி உணவகம் இந்த இணைக்குப் பேர்போனது, எம்.எஃப். ஹுசேன் கொடுத்த ஓவியம் ஒன்று அங்கே சுவரில் தொங்குகிறது. பன் தவறில்லை. தேநீர்தான் சிக்கல்: அதிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்கு அலுவலகம் போகிறவர் நள்ளிரவில் தேநீர் குடிப்பது தன் தூக்கத்தை விற்பதற்குச் சமம். பன்னுடன் சூடான பால் கேளுங்கள். சிரிப்பார்கள், ஆனால் தருவார்கள்.

மூன்றாவது, லா கார்டன் பக்கமும் சர்கேஜ்–காந்திநகர் நெடுஞ்சாலை ஓரமும் வரிசையாக நிற்கும் வண்டிகள். பார்ட்டி பிளாட் எனப்படும் விழா மைதானங்களிலிருந்து வருகிறவர்களுக்கு வசதி. வேறு சிறப்பு சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவது, மாணேக் சௌக். பத்ரா கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் அருகில், பகலில் நகைக்கடைத் தெருவாக இருக்கிற இடம் அது. நகைக்கடைகள் கதவடைத்ததும் தள்ளுவண்டிகள் உள்ளே வருகின்றன. பிளாஸ்டிக் நாற்காலிகள் விரிகின்றன. அரைமணி நேரத்தில் அந்தச் சதுக்கம் திறந்தவெளிச் சமையலறையாகிவிடுகிறது. ஒருமுறையாவது போகத்தான் வேண்டும். ஆனால் தோசை என்ற சொல்லை நம்பிப் போகாதீர்கள். கோட்டாலா தோசையில் கல்லில் மாவு பரப்பியவுடன் அதன்மேலேயே வெண்ணெய்க் கட்டி, நறுக்கிய காய்கள், பாவ் பாஜி மசாலா, பனீர் எல்லாம் விழுகின்றன. மசிப்பான் கரண்டியால் தோசையின் மேலேயே இடித்துக் கூழாக்கி, சீஸைத் துருவி மூடுகிறார்கள். தோசை அங்கே தட்டுக்குப் பதிலாக வந்த ஒரு பொருள், அவ்வளவுதான். அன்னாசிச் சாண்ட்விச்சும் சாக்லேட் சாண்ட்விச்சும் இதே குடும்பம்.

ஐந்தாம் படி: வாங்கும் முறை

கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு நகர நெடுநேரம் ஆகும். சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்செரியும். ஒரு மணிக்குச் சாப்பிட்டு இரண்டு மணிக்குப் படுக்கிறவரால் அந்த இடைவெளியைக் கொடுக்க முடியாது. ஆகவே குறைக்க வேண்டியது அளவைத்தான். எங்கள் குழுவில் நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு இது: நான்கு பேருக்கு இரண்டு தட்டு வாங்கி நடுவில் வைப்போம், வெண்ணெயைக் குறைக்கும்படி கல்லில் மாவு விழுமுன்பே சொல்லிவிடுவோம், விழுந்தபின் சொல்லிப் பயனில்லை, குளிர்ந்த சோடாவுக்குப் பதில் மோர், கடைசியில் ஆசைக்கு ஒரு குல்பியை இரண்டாக வெட்டிக்கொள்வோம். பச்சைச் சட்னியையும், வெட்டி வைத்த பழத்தையும், தெரியாத தண்ணீரில் போட்ட பனிக்கட்டியையும் ஒன்பது நாளும் தொடமாட்டோம். வயிற்றுப்போக்கு வந்தால் மூன்று இரவுகள் போய்விடும்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்து கிளறும் கிச்சு

ஒன்பதில் ஆறு இரவுகளுக்கு என் பரிந்துரை இதுதான். கிச்சு என்பது அரிசிமாவைக் கொதிநீரில் கிளறி ஆவியில் வேகவைத்த உப்பு மாவு. உப்புக் கொழுக்கட்டைக்கு மாவு கிளறத் தெரிந்த கைக்கு இதில் கற்க ஒன்றுமில்லை. நெருக்கமாகச் சொன்னால், பிடிக்காமல் விட்ட கொழுக்கட்டை.

இரண்டு பேருக்கு ஒரு கோப்பை பச்சரிசி மாவும் இரண்டரைக் கோப்பைத் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீரகம், இடித்த பச்சைமிளகாய் இரண்டு, முக்கால் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி அப்பளக்காரம் போட்டு நன்றாகக் கொதிக்க விடுங்கள். அப்பளக்காரம் கிடைக்காவிட்டால் சமையல் சோடா ஒரு சிட்டிகை. நான்கைந்து நிமிடம் கொதித்துச் சீரக வாசனை எழுந்ததும் தீயைத் தணித்து, மாவை ஒரே கொட்டாகக் கொட்டி, பூரிக்கட்டையின் முனையால் கட்டி விழாமல் விரைந்து கிளறுங்கள். கரண்டி இதற்கு உதவாது, வளையும். மாவு பாத்திரத்தை விட்டு ஒட்டாமல் வரும்போது மூடிவைத்து, மிகக் குறைந்த தீயில் ஏழெட்டு நிமிடம். திறந்தால் மாவின் வெண்மை போய்ச் சற்றே கண்ணாடி போல் மினுங்க வேண்டும்; கிள்ளி வாயில் போட்டால் பச்சை மாவு வாசனை இருக்கக்கூடாது. கிண்ணத்தில் போட்டு, நடுவில் விரலால் குழிசெய்து, ஒரு தேக்கரண்டி பச்சைக் கடலையெண்ணெயும் வெந்தய ஊறுகாய் மசாலாத் தூளும் தூவிச் சூடாகச் சாப்பிடுங்கள்.

புரதம் போதாது என்பது இதன் குறை. ஒரு கோப்பைத் தயிரோ, மிச்சமிருக்கும் கொலுச் சுண்டலோ பக்கத்தில் இருந்தால் அதுவும் சரியாகிவிடும். மாவையும் சீரகத்தையும் உப்பையும் மாலையிலேயே அளந்து மூடிவைத்துவிட்டுப் போனால், வந்து குளிக்கும் நேரத்தில் தண்ணீர் கொதித்துவிடும். கிச்சு அரிசி என்பதால் நோன்பிருப்பவருக்கு ஆகாது, அவருக்கு மொரையோ.

ஏழாம் படி: ஒன்பதாம் இரவு

இந்த ஓர் இரவுக்கு மேலே சொன்ன ஒழுங்குகள் எல்லாவற்றுக்கும் விடுமுறை. மறுநாள் தசரா, தசராவன்று ஃபாஃப்டாவும் ஜிலேபியும் தின்னாத வீடு இந்த நகரத்தில் அரிது. கடைகள் முன்னிரவிலேயே வாசலில் பந்தல் போட்டுப் பெரிய சட்டிகளை ஏற்றிவிடுகின்றன. கடைசி ஆட்டம் ஆடியவர்கள் சணியா சோளியோடேயே வரிசையில் போய் நிற்கிறார்கள்.

வரிசையில் நிற்கும் நேரத்தில் கைவேலையைப் பாருங்கள். ஃபாஃப்டா போடுபவர், ஓமம் சேர்த்துப் பிசைந்த கடலைமாவு உருண்டை ஒன்றை மரப்பலகையின் விளிம்பில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரே இழுப்பாக முன்னோக்கித் தேய்க்கிறார். உருண்டை நீளப் பட்டையாகப் படிகிறது. மெல்லிய கத்தியை அடியில் செலுத்தி உரித்தெடுத்து எண்ணெயில் விடுகிறார். அடுத்த உருண்டை அதற்குள் பலகையில். பக்கத்துச் சட்டியில் ஜிலேபி சுற்றுகிறது. காகிதத்தில் ஃபாஃப்டாவுடன் பொரித்த மிளகாயும், பப்பாளிக்காய்த் துருவலில் செய்த சம்பாரோவும், கடலைமாவுச் சட்னியும் வைப்பார்கள். சம்பாரோவை விடாமல் வாங்குங்கள். எண்ணெயின் திகட்டலை வெட்டுவது அதுதான். விலை அன்று ஏறியிருக்கும், பேரம் எடுபடாது. முதல் நாளே பணம் கட்டி முன்பதிவுச் சீட்டு வாங்கியவர்களுக்குத் தனி வரிசை உண்டு என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: ஐந்து நாள் கழித்து, சரத் பூர்ணிமை

ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து உடைகளை மடித்து வைத்துவிடாதீர்கள். தசராவுக்குப் பின் வரும் பௌர்ணமி இரவில் மொட்டைமாடிகளில் மறுபடியும் கர்பா. அன்றைக்குத் தூத் பௌவா. காய்ச்சிச் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு ஆறவைத்த பாலில், கழுவிய அவலை ஊறவிட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி நிலவொளியில் வைக்கிறார்கள். முற்றிய நிலவின் குளிர்ச்சி பாலில் இறங்கும் என்பது நம்பிக்கை. பாலைக் குளிர்பெட்டியில் நன்றாகக் குளிரவைத்த பிறகு மாடிக்குக் கொண்டுபோனால் நம்பிக்கைக்கும் வயிற்றுக்கும் பழுதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். கூடவே சூடாக உருளைக்கிழங்கு போண்டாவோ பஜியாவோ உண்டு. மாசி வீட்டில் எண்ணெய்ச் சட்டியை ஆட்டம் தொடங்கும்போதே ஏற்றிவிடுவார்கள், கடைசிச் சுற்றின்போது பஜியா ஆறிப்போயிருக்கும். இந்த ஆண்டு நான் கீழே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஆடி முடித்தபிறகு பற்றவைக்கலாம் என்று சொல்வதாக இருக்கிறேன்.